மயிலாத்தாள் துடைத்த ஜன்னல்கள்

என் தங்கச்சி மயிலாத்தாள் முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டின் ஜன்னல்களைத் துடைத்தாள். அவிநாசியிலிருந்து சேவூர் போகிற வழியில் இறங்கி, மண் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் வருகிற புகைக்கூண்டு பங்களாதான் அந்த வீடு. கூட்டினாள், மெழுகினாள், தண்ணீர் பிடித்து வைத்தாள், எல்லாம்தான் செய்தாள். ஆனால் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "கண்ணாடி தொடைக்கறனுங்க" என்று மட்டும்தான் சொல்வாள்.

அந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே பஞ்சு மில் வைத்திருந்த ஒரு துரை, தன் ஊரில் பழைய ராஜா காலத்து வீடுகள் எப்படி இருக்குமோ அப்படியே வேண்டும் என்று கட்டியது. சுவர் வெள்ளை. அந்த வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்கும் சாய்வுமாகக் கறுப்பு மரச் சட்டங்கள் ஓடும். எங்கள் ஆட்கள் பார்த்துவிட்டு, நல்ல வீட்டின் முகத்தில் இப்படிக் கரிக்கோடு இழுத்து வைத்திருக்கிறானே என்று முகம் சுளிப்பார்கள். மேல்மாடி கீழ்மாடியைவிட இரண்டடி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். கூரை செங்குத்து. அதன் மேலே இரண்டு புகைக்கூண்டுகள், செங்கல்லை முறுக்குப் பிழிந்த மாதிரி வளைந்து வளைந்து மேலே போகும். வாசற்கதவு ஒற்றைக் கதவு, ஆனால் இரண்டு ஆள் சேர்ந்து தள்ள வேண்டும். அதற்கு மேலே நடுவில் லேசாகக் கூம்பின கல் வளைவு.

உள்ளே போனால் பெரிய கூடம். தலைக்கு மேலே பனைமரத் தடிமனுக்குக் கறுப்பு உத்தரங்கள். சுவரில் ஆள் தோள் உயரத்துக்குத் தேக்குப் பலகை பதித்திருக்கும். ஒரு பக்கம் மாடிப்படி. அதன் தூண்களின் தலையில் பூசணிக்காய் மாதிரி செதுக்கியிருப்பார்கள், கை பட்டுப் பட்டு அதெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. தெற்குச் சுவருக்கு எதிர்ச் சுவரில் குளிர் காய்கிற அடுப்பு, ஒரு ஆள் குனிந்து உள்ளே நிற்கலாம். எங்கள் ஊர் வெயிலில் அதை யார் மூட்டினார்கள்? விளக்குமாறும் சீமெண்ணெய் டின்னும்தான் அதில் இருந்தன. அடுப்புக்கு மேலே மரத்தில் ஐந்து இதழ் வைத்து ஒரு பூ செதுக்கியிருக்கும். பக்கத்தில் ஏதோ எழுத்து. வீடு கட்டின வருஷம் என்று படித்தவர்கள் சொன்னார்கள். பூ எதுவென்று யாருக்கும் தெரியாது. ஆவாரம்பூ என்று மயிலாத்தாள் சொல்லிவிட்டாள், அதற்கப்புறம் அது ஆவாரம்பூதான். வருஷா வருஷம் பொங்கலுக்கு முதல்நாள் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து அந்த இடத்தில் காப்புக் கட்டுவாள்.

இனி ஜன்னல். தெற்குச் சுவர் முழுக்க ஜன்னல்தான். தரையிலிருந்து ஒரு முழம் விட்டு மேலே பத்தடிக்குப் போகும். ஆனால் பெரிய கண்ணாடி கிடையாது. உள்ளங்கை அகலத்தில் சாய்சதுரத் துண்டுகள், ஒவ்வொன்றையும் ஈயப் பட்டையால் பிடித்து, மீன் வலையைத் தூக்கி நிறுத்தின மாதிரி இருக்கும். கண்ணாடி லேசாகப் பச்சை. சிலதில் குமிழி இருக்கும். ஒரு துண்டு விடாமல் துடைத்து முடிக்க அவளுக்கு ஆறு நாள் ஆகும். ஏழாம் நாள் முதல் துண்டில் மறுபடி தூசி இருக்கும்.

மயிலாத்தாளைப் பங்களாக் காவல்காரர் ஆறுச்சாமிக்குக் கட்டிக் கொடுத்தோம். சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடித்தனம். பிள்ளை இல்லை. ஆறுச்சாமி நல்ல மனுஷர். மில் இன்ஜினில் வடிகிற கறுப்பு எண்ணெயைக் கேட்டு வாங்கிவந்து, கரையான் அரிக்காமல் இருக்க வருஷத்துக்கு ஒருதரம் அந்த மரச் சட்டங்களுக்கெல்லாம் பூசுவார். பூசி முடித்து இறங்கினால் பல் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும். மயிலாத்தாள் சிரிப்பாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதெல்லாம்தான்.

அந்தக் கூரை அவ்வளவு செங்குத்தாக இருப்பது, துரை ஊரில் உறைபனி கொட்டினால் வழுக்கிக் கீழே விழுவதற்காம். எங்கள் ஊரில் எந்தப் பனி கொட்டிற்று? வழுக்கி விழுந்தது ஆறுச்சாமிதான். பன்னிரண்டு வருஷம் இருக்கும், ஐப்பசி மழைக்கு முன்னால் உடைந்த ஓட்டை மாற்ற ஏறினார். நாலு ஓடு வைத்தார். ஐந்தாவது ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டே வந்துவிட்டார்.

மயிலாத்தாள் அப்போது உள்ளே ஸ்டூல் மேல் நின்று துடைத்துக்கொண்டிருந்தாள். ஆள் ஓடிப்போய்ச் சொன்னதும் கையில் இருந்த துணியை நாலாக மடித்து ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வந்தாள். அழவில்லை. சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும்போதும் அழவில்லை. நான் அவளைப் பிடித்து உலுக்கினேன், "அழுதுரு சாமி, அழுதுரு" என்று கெஞ்சினேன். அவள் என் முந்தானையைச் சரிசெய்து விட்டாள். மூன்றாம் நாள் காலையில் ஸ்டூல் மேல் ஏறி நின்றாள்.

வீட்டுக்கு அப்போது சொந்தக்காரர் கோயமுத்தூரில் இருந்த ஒரு பெரியவர். காரியத்துக்கு வந்தவர் கூடத்தில் நின்று நாலு பேர் முன்னால் சொன்னார்:

"மயிலாத்தா, நீ எங்கயும் போக வேண்டாம். இந்தக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு இங்கயே இரு. இந்தக் கண்ணாடி இருக்கறவரைக்கும் அந்த ரூமு உன்றது."

"செரிங்க" என்றாள்.

எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. எங்களுக்கு அந்தப் பேச்சே போதும்.

நான் எத்தனையோ தரம் கூப்பிட்டேன், என் வீட்டுக்கு வந்துவிடு என்று. வரமாட்டாள்.  ஏன் என்று ஒருநாள் நானாகக் கண்டுகொண்டேன். பின்கட்டில் அவள் அறை வாசலில் உட்கார்ந்தால் கூரை தெரியும். பழைய ஓடெல்லாம் பாசி பிடித்துக் கறுத்திருக்க, ஆறுச்சாமி வைத்த நாலு ஓடு மட்டும் சிவப்பாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் சோறு சாப்பிடுவாள். அதற்கப்புறம் நான் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன். விட்டுவிடவில்லை, குறைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்து எட்டில் பெரியவர் பங்களாவைத் திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி ஒருவருக்கு விற்றார். விற்கும்போது மறக்காமல் சொல்லியிருக்கிறார், கண்ணாடி துடைக்க ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று. முதலாளியும், "கண்ணாடி இருக்கற வரைக்கும் இருக்கட்டுங்க" என்று ஒத்துக்கொண்டார். அவருக்கு வீடு பிடித்துப்போயிற்று. வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டப் போட்டோவெல்லாம் எடுத்தார்கள். டவுனில் கம்பெனிக்குள் இடம் போதாததால் செக்கிங்கை மட்டும் இந்தக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தைத்து வருகிற பனியனைப் பிரித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி வளைந்து விழுகிற நீடில் லைன் இதெல்லாம் இருந்தால் ஒதுக்குகிற வேலை. நானும் அங்கே சேர்ந்தேன். பிசிறு வெட்டுவதற்கு வயசு பார்க்கமாட்டார்கள். தங்கச்சியோடு பகலெல்லாம் இருக்கலாம் என்பதுதான் என் கணக்கு.

மேனேஜர் அருண்பாண்டி, தெற்கத்திக்காரர், விருதுநகர்ப் பக்கம். சத்தம் பெரிதாக இருக்கும், மனசு அவ்வளவு மோசமில்லை. செக்கிங் மேஜைக்குப் பொறுப்பு வேல்விழி, அவளும் அந்தப் பக்கத்துப் பெண்தான். புருஷன் விட்டுப் போய், கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். வேலை போனால் அன்றைக்கே வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஆனாலும் வாய் ஓயாது. முதல்நாள் கூடத்துக்குள் கால் வைத்ததும் ஜன்னலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், உத்தரத்தைப் பார்த்தாள்.

"யக்கா, இது வீடா, இல்ல ராட்சசன் தாயம் வெளையாடக் கட்டம் போட்டு வச்சிருக்கானா?"

"தொரை கட்டுனதாக்கும்" என்றேன்.

"தொரைக்கு நேரா ஒரு கோடு இழுக்க வராதாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டூல் மேல் நின்ற மயிலாத்தாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது ஆடி மாசம். அந்த வருஷம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டர் டவுனில் தையல் மெஷினுக்கே பற்றவில்லை. எங்களுக்கு ஜன்னல் வெளிச்சம்தான். நீளமான மேஜையை ஜன்னல் ஓரமாகப் போட்டுக்கொண்டு பத்துப் பெண்கள் நின்று பார்ப்பார்கள். ஆடியிலும் ஆவணி முதலிலும் ஒரு குறையும் வரவில்லை.

புரட்டாசியில் வந்தது. ஆம்பிளைகள் போடுகிற வெள்ளைப் பனியன் ஒரு பெரிய லாட். நாங்கள் பார்த்து அனுப்பியதை டவுனில் இன்ஸ்பெக்சன்காரர் பெட்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். நீடில் லைன் போட்ட பீஸ் நல்ல பீஸோடு கலந்து கிடந்திருக்கிறது. கறை பட்டதும் அப்படியே. சரி, ஒதுக்கி வைத்த மூட்டையைப் பார்ப்போம் என்று பிரித்தால், அதில் பாதி பழுதே இல்லாத பீஸ். முழு லாட்டும் திரும்பி வந்துவிட்டது.

அருண்பாண்டி வந்து நின்ற வேகத்தில் மேஜை ஆடியது.

"கண்ணு எங்கம்மா இருக்கு ஒங்களுக்கெல்லாம்? நல்லத ஒதுக்கிட்டு, கெட்டத அனுப்பியிருக்கீக! வேல்விழி, நீ என்னத்த பாத்துக்கிட்டு இருந்த?"

"பாத்துக்கிட்டுத்தான் சார் இருந்தேன். ஒவ்வொண்ணையும் விரிச்சுப் பாத்தேன்."

"விரிச்சுப் பாத்த லட்சணத்தத்தான் பாத்தேனே. ரெண்டே நாளு. இதே லாட்ட மறுபடி பாத்து அனுப்புங்க. அப்பவும் இப்படித்தான்னா, நீ ஊருக்கு பஸ் ஏறிக்க. ஓனர் சொல்லிட்டாரு."

 சாப்பாட்டு நேரத்தில் வேல்விழி டிபன் பாக்ஸைத் திறந்தாள், சாப்பிடாமலே மூடிவிட்டாள்.

பொழுதோடு நான் கிளம்பும்போது மயிலாத்தாள் கேட் வரைக்கும் வந்தாள். அவளாக வாய் திறந்து பேசுவது அபூர்வம்.

"அக்கா, அது நெழலு."

"எது?"

"அந்தப் புள்ளைக பீஸுல பாக்கற கோடு. ஈயப் பட்டையோட நெழலு வெள்ளத் துணியில உளுகுது. நீடில் லைனாட்டவே இருக்குது. நெழலக் கோடுன்னு நெனச்சு ஒதுக்கறாங்க. நெசக் கோட்ட நெழலுன்னு நெனச்சு உட்டர்றாங்க."

"ஆடியில இல்லியே?"

"ஆடியில பொழுது தலைக்கு மேல வடக்க சாஞ்சு போவுது. உள்ள வெயிலு வராது. பொரட்டாசியில வருது. மார்கழியில அடுப்பு வாய் வரைக்கும் வரும். எனக்குத் தெரியாதாக்கா?"

தெரியாமல் இருக்குமா? முப்பத்தொரு வருஷம் அந்த வலையின் நிழல் கூடத்துத் தரையில் நகர்ந்து போவதை அவள் ஒருத்திதானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "வாய மூடிக்கிட்டு இரு. சொன்னீன்னா மொதல் வேலையாக் கண்ணாடியக் கழட்டீருவாங்க. கண்ணாடி போனா ரூமு போச்சு. அந்தப் பெரியவர் சொன்னது அப்படித்தான, இவரும் அப்படித்தான சொன்னாரு. அந்தப் புள்ள நேத்து வந்தவ. திருப்பூருல கம்பெனிக்கா பஞ்சம்? வேற எடம் பாத்துக்குவா."

அவள் என் கையை விடுவித்துக்கொண்டாள்.  கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

நான் அப்படிச் சொன்னது தப்பு என்று என் மருமகள்கூடச் சொல்கிறாள். சொல்லட்டும். என் தங்கச்சிக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த அறையும் அதன் வாசலில் இருந்து தெரிகிற நாலு ஓடும்தான். அதை நான் காப்பாற்றப் பார்த்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இரண்டாம் நாள் பதினோரு மணி இருக்கும். கரண்ட் இல்லை. அருண்பாண்டி வந்து, வேல்விழி நல்லது என்று அடுக்கின அடுக்கிலிருந்து ஒரு பீஸை உருவினார். ஜன்னல் பக்கம் விரித்தார்.

"இந்தா, இந்தா ஓடுது பாரு கோடு! கண்ணு முன்னாடி ஓடுது!"

"சார், நான் பாக்கும்போது இல்ல சார்... சத்தியமா இல்ல..."

மயிலாத்தாள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். துடைக்கிற துணியை நாலாக மடித்து ஸ்டூல் மேல் வைத்தாள். அதைப் பார்த்ததுமே நான் பிசிறு வெட்டுவதை நிறுத்திவிட்டேன். மேஜைக்கு வந்து அவர் கையிலிருந்த பனியனின் ஓரத்தைப் பிடித்து ஒரு சாண் இழுத்தாள். துணிதான் நகர்ந்தது. கோடு நின்ற இடத்திலேயே நின்றது.

"இது நெழலுங்க."

ஒதுக்கின மூட்டையிலிருந்து இன்னொன்றை எடுத்து விரித்தாள். இழுத்தாள். கோடு துணியோடு சேர்ந்து வந்தது.

"இது நெசமுங்க."

 புகைக்கூண்டுக்குள் புறா இறக்கை அடிப்பது மட்டும் கேட்டது. அருண்பாண்டி ஜன்னலைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், பத்துப் பெண்களின் கையில் இருந்த வெள்ளைத் துணியையும் பார்த்தார். எல்லாத் துணி மேலும் வலை விழுந்து கிடந்தது. இத்தனை நாளும் விழுந்துதான் கிடந்தது. வெள்ளைத் துணியையே வெறித்துப் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, அம்மா?"

"நீங்க கேக்கலீங்களே."

வேல்விழி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மயிலாத்தாள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அந்தப் பெண்ணின் தோளில் ஒட்டியிருந்த நூல் பிசிறை எடுத்துவிட்டாள்.

அருண்பாண்டி உடனே கண்ணாடியைக் கழற்றச் சொல்லவில்லை. அதையும் சொல்ல வேண்டும். மயிலாத்தாளே ஒரு வழி காட்டினாள். சாக்பீஸ் வாங்கித் தரையில் கோடு போட்டாள். பத்து மணி வரைக்கும் மேஜை இங்கே, ஒரு மணி வரைக்கும் அங்கே, அதற்குமேல் மாடிப்படிப் பக்கம். மணி பார்க்கத் தெரியாது அவளுக்கு. வலையின் கடைசிக் கட்டம் தரையில் எந்தப் பலகையைத் தொடுகிறதோ அதுதான் கணக்கு. துடைத்துக்கொண்டே இருப்பாள், திரும்பாமலே சொல்வாள்:

"தள்ளுங்க."

பத்துப் பெண்களும் மேஜையைப் பிடித்துத் தள்ளுவார்கள். வலை மேஜையைத் தொடுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் அவள் சொல்வாள். ஒருநாளும் பிந்தியதில்லை. அந்த லாட் போயிற்று, அடுத்ததும் போயிற்று. ஒரு பீஸ் திரும்பவில்லை. வேல்விழி அவளுக்குக் கடிகாரக்கா என்று பேர் வைத்தாள்.

"கடிகாரக்கா, சாவி யாரு குடுக்கறா ஒங்களுக்கு?"

"சோறுதான் கண்ணு."

அவள் சொன்ன ஒரே தமாஷ் அது. அதையும் சிரிக்காமல் சொன்னாள்.

ஐப்பசி போயிற்று. வாரத்துக்கு வாரம் சாக்பீஸ் கோடு ஜன்னலை விட்டுத் தள்ளித் தள்ளிப் போயிற்று. நான் பிசிறு வெட்டிக்கொண்டே அந்தக் கோட்டைப் பார்ப்பேன். எனக்குப் புரிந்துவிட்டது. ஒருநாள் கேட்டேன், "மார்கழியில எப்படி?"

"மார்கழியில எடம் இருக்காதுக்கா."

"அப்ப என்ன பண்றது?"

"துணி நனஞ்சு போச்சு, வேற எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

கார்த்திகை கடைசியில் மேஜை குளிர்காயும் அடுப்பை முட்டிக்கொண்டு நின்றது. இனிப் பின்னால் நகர்ந்தால் சுவர்தான். மார்கழி பிறந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வலை மேஜை மேல் ஏறி, அதைத் தாண்டி அடுப்புக்குள் போயிற்று. விளக்குமாறு மேலேகூடக் கட்டம் கட்டமாக விழுந்தது. ஜன்னலுக்குப் பனியன் துணியைத் திரையாகக் கட்டிப் பார்த்தார்கள். பச்சைக் கண்ணாடி, பாதி ஈயம், அதற்குமேல் திரை. உள்ளே பொழுது சாய்ந்த மாதிரி ஆயிற்று. கறை எது, துணி எது என்று தெரியவில்லை. கரண்டும் வரவில்லை. ஏற்றுமதிக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

அருண்பாண்டி ஒருநாள் காலையில் சத்தமில்லாமல் வந்தார். நேராக ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மா... ஓனர் சொல்லிட்டாரு. ஜன்னலுக்குப் பெரிய கண்ணாடி போடப் போறாக. ஊட்டிப் பக்கம் ஏதோ ஓட்டல்ல இத அப்படியே சட்டத்தோட கேட்டிருக்காக."

"செரிங்க."

"பின்னாடி ரூமுல அட்டப்பெட்டி அடுக்கணுமாம். நான் பேசிப் பாத்தேன்மா. கண்ணாடி இருக்கறவரைக்கும்னுதான பேச்சுங்காரு."

"பேச்சு அதுதானுங்க."

"நீங்க செக்கிங்ல சேந்துக்கங்க. ஒங்க கண்ணு மாதிரி இங்க யாருக்கும் கண்ணு இல்ல. நான் எழுதிப் போட்டுட்டேன்."

"செரிங்க."

இரண்டு செரிங்க. நான் கத்திரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தேன். அருண்பாண்டியை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் எழுந்தேன். மயிலாத்தாள் என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். வேல்விழி வாய்க்குள்ளே அழுதுகொண்டிருந்தாள், "என்னாலதான், என்னாலதான்" என்று. அவளை நான் சமாதானம் செய்யவில்லை. அன்றைக்கு எனக்கு அவள்மேல் கோபம்தான். அப்புறம் போய்விட்டது.

கழற்றுவதற்கு ஆள் வர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் மயிலாத்தாள் துடைத்தாள். முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரைக்கும்.

"எதுக்குடி, போற கண்ணாடிக்கு?" என்றேன்.

"போற எடத்துல ஆரு தொடச்சான்னு கேப்பாங்கல்ல."

உளி வைத்துச் சுவரைக் கொத்தி, சட்டம் சட்டமாக இறக்கி, வைக்கோல் போட்டு லாரியில் அடுக்கினார்கள். தெற்குச் சுவரில் பெரிய ஓட்டை. அதன் வழியாகச் சோளக்காடும், அதற்கப்பால் ரோடும், பஸ் போவதும் தெரிந்தன. இத்தனை வருஷம் அங்கேயே இருந்தவைதான். மயிலாத்தாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் துணி இருந்தது. துடைப்பதற்கு ஒன்றும் இல்லாததால் அதைக் கொண்டுபோய் அலசிக் காயப்போட்டாள்.

பொங்கலுக்கு முதல்நாள் அவள் கிளம்பினாள். அன்றைக்கு வேலை அரைநாள். எல்லோரும் போனபிறகு வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் கொண்டுவந்து, அடுப்புக்கு மேலே அந்த மரப்பூவில் காப்புக் கட்டினாள். அப்புறம் ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், ஆறுச்சாமியின் எண்ணெய் பூசுகிற தூரிகை. அவ்வளவுதான். அறைக் கதவைச் சாத்தினாள். வாசலில் எப்போதும் உட்காருகிற இடத்தில் ஒருதரம் உட்கார்ந்து கூரையைப் பார்த்தாள். நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை.

"போலாமாக்கா" என்றாள்.

இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகப் போகிறோம். கேட்டுக்குள் நுழைந்ததும் பின்கட்டுப் பக்கம் நாலு எட்டு போய்த் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவாள். அதற்கு ஒரு நிமிஷம் ஆகும். நான் செருப்பில் மண் ஏறிவிட்டது என்று தட்டிக்கொண்டிருப்பேன்.

புதுக் கண்ணாடி பெரிதாக, ஒரே துண்டாக இருக்கிறது. வெளிச்சம் கொட்டுகிறது. கோடும் இல்லை, கட்டமும் இல்லை. கறை எங்கே இருந்தாலும் தெரிகிறது. மயிலாத்தாள் மேஜையில் கடைசி ஆளாக நின்று பீஸ் பார்க்கிறாள். அவள் பார்த்தது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

தை மாசம் ஒருநாள். ஒரு மணி இருக்கும். கரண்ட் இல்லை. எல்லோரும் தலைகுனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். மயிலாத்தாள் பனியனை மடித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"தள்ளுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மடித்த கை அப்படியே நின்றது. தரையில் வெயில் வெறும் வெயிலாக விழுந்து கிடந்தது. எந்தக் கட்டமும் எந்தப் பலகையையும் தொடவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கத்திரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேல்விழி தன் பக்கத்து மேஜை விளிம்பைப் பிடித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பிடித்தார்கள்.  தள்ளினார்கள். மேஜை கிறீச்சென்று மாடிப்படிப் பக்கம் ஓரடி நகர்ந்தது.

அருண்பாண்டி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இப்ப எதுக்கு மேஜையத் தள்ளுதீக?"

"வெயிலு சார்" என்றாள் வேல்விழி. "மூஞ்சில அடிக்குது."

அவர் ஜன்னலைப் பார்த்தார், மயிலாத்தாளைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். மயிலாத்தாள் அடுத்த பீஸை எடுத்து விரித்தாள். ஓரத்தைப் பிடித்து ஒரு சாண் இழுத்துப் பார்த்துவிட்டு, நல்ல அடுக்கில் வைத்தாள்.